ஃபைல் இருக்கிறது, படம் ஓடவில்லை: வாசகர் கேள்வி பதில்

கையில் பிடித்துப் படம் பார்க்கிற சின்ன ப்ளேயர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதம் குவிந்துவிட்டது. வெளிநாட்டு மாமா விட்டுப்போனது, சந்தையில் மலிவாக வாங்கியது, அண்ணன் பாவித்துவிட்டு எறிந்தது என்று வன்னியில் எத்தனையோ வீட்டு அலுமாரிக்குள் ஒன்று கிடக்கிறது போல. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

சுவிஸிலிருந்து வந்த சித்தப்பா தன் பழைய ஐபொட்டைத் தந்துவிட்டுப் போனார். வீடியோவும் ஓடும் என்றார். கொம்பியூட்டரில் செருகிப் படங்களை அதற்குள் கொப்பி பண்ணினேன். இடம் குறைந்திருக்கிறது, ஆனால் மெனுவில் ஒரு படத்தையும் காணவில்லை. (மாங்குளம்)

தம்பி, அப்பிளின் ஐபொட் பென்டிரைவ் மாதிரி வேலை செய்யாது. நீங்கள் இழுத்துப் போட்ட ஃபைல் உள்ளே சும்மா கிடக்கும், ஐபொட் அதைத் திரும்பியும் பார்க்காது. அது தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் ஏறினால்தான் மெனுவில் தெரியும், ஏற்றுகிற வேலையைச் செய்வது ஐடியூன்ஸ் என்ற அப்பிளின் மென்பொருள். ஆகவே முதலில் நீங்கள் கொப்பி பண்ணியதை அழித்து இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள், பிறகு ஐடியூன்ஸைப் போட்டு அதன் வழியாக ஏற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: புது கொம்பியூட்டரில் செருகியதும் "உள்ளே இருப்பதை அழித்துவிட்டு இந்தக் கொம்பியூட்டரோடு சேர்க்கவா" என்று கேட்கும். அவசரத்தில் ஓம் என்று அமத்தினால் சித்தப்பாவின் பாட்டெல்லாம் போய்விடும். நாமே கையால் ஏற்றி இறக்குகிற தெரிவு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, படத்தின் வகை. நீங்கள் எழுதிய விபரத்தைப் பார்த்தால் அது 2005 ஒக்டோபரில் வந்த வீடியோ ஐபொட், 30 ஜிபி. திரை இரண்டரை அங்குலம், 320க்கு 240 புள்ளி. ஏவிஐ, எம்கேவி என்ற வகை ஃபைல் எதையும் தொடாது. எச்.264 அல்லது எம்பெக்-4 முறையில் சுருக்கிய எம்பி4 வேண்டும், அதிலும் எச்.264 என்றால் பேஸ்லைன் என்ற எளிய வகை மட்டும். இப்போது இறக்குகிற படங்கள் அநேகமாக ஹை என்ற சிக்கலான வகையில், 1080 வரியில் இருக்கும். ஃபைலின் வாலில் எம்பி4 என்று இருந்தாலும் உள்ளே இருக்கிற அந்தப் பழைய சில்லால் (சிப்) அவிழ்க்க முடியாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, எச்.264, பேஸ்லைன், அகலம் 320 என்று கொடுத்து மாற்றுங்கள். பழைய கொம்பியூட்டர் என்றால் ஒரு படம் மாற முக்கால் படம் பார்க்கிற நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவது நல்லது.

சரி, இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய படங்கள் அகலத் திரைக்கு எடுத்தவை. 320 புள்ளி அகலத்தில் அதை அடக்கினால் உயரம் ஏறக்குறைய 136 வரிதான் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டி. உண்மையில் நீங்கள் பார்ப்பது ஐந்து சென்ரிமீற்றர் அகலமான ஒரு கீற்று. அதைவிடக் கொடுமை பற்றரி. புதிதாக விற்றபோதே 30 ஜிபி ஐபொட்டுக்கு வீடியோ இரண்டு மணி நேரம் என்றுதான் அப்பிள் சொன்னது. இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படம் அதில் புதுசிலேயே கிளைமாக்ஸ் வரைக்கும் போயிருக்காது. இருபது வருடம் பழகிய பற்றரி இடைவேளைக்கு வந்தாலே பெரிய காரியம். உள்ளே சுழல்வது உண்மையான ஹாட் டிஸ்க், அதனால் ட்ரக்டரில், மோட்டர் சைக்கிளில் குலுங்கிக்கொண்டு போகும்போது ஓட விடாதீர்கள். என்னைக் கேட்டால் அதில் பாட்டுக் கேளுங்கள், அதற்கு இன்றைக்கும் அருமையான சாமான்.

சந்தையில் "எம்பி4 ப்ளேயர்" என்று எழுதிய ஒன்று வாங்கினேன். எம்பி4 ஃபைலைப் போட்டால் "ஃபோர்மட் எரர்" என்கிறது. கடைக்காரர் சாமானில் பிழை இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? (புதுக்குடியிருப்பு)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உங்களுக்கு உண்மையும் சொல்லவில்லை.

படத்தின் ஃபைலை ஒரு சாக்கு என்று வையுங்கள். சாக்கின் வெளியே எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கிற சாமான் வேறு: படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள், சத்தத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பது. ப்ளேயருக்கு முக்கியம் உள்ளே இருப்பதுதான். ஒரே ஏவிஐ சாக்குக்குள் எக்ஸ்விட் இருக்கலாம், டிவ்எக்ஸ் இருக்கலாம், வேறெதுவும் இருக்கலாம். அதனால்தான் "பெயரை ஏவிஐ என்று மாற்றிப் பார்த்தேன், அப்பவும் ஓடவில்லை" என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பெயரை மாற்றினால் எழுத்து மட்டும்தான் மாறும்.

உங்கள் கையில் இருப்பது சீனத்திலிருந்து வந்த மலிவு வகை. அதன் சில்லுக்கு உண்மையான எம்பி4 வீடியோவை அவிழ்க்கிற வலு கிடையாது. அவர்களே ஏஎம்வி என்று ஒரு வகையை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள், ஏவிஐயை வெட்டிக் குறுக்கிய மாதிரி ஒன்று. நல்ல முறைகள் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் எது மாறியதோ அதை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கும், ஏஎம்வியோ ஒவ்வொரு காட்சியையும் தனித் தனிப் போட்டோவாகச் சுருக்கி அடுக்குகிறது. அவிழ்ப்பது சுகம், ஆனால் படம் தெளிவில்லாமலேயே இடத்தையும் பிடிக்கும். சத்தம் ஒற்றைத் தடம்தான். பெட்டிக்குள் ஒரு குட்டி சிடி வந்திருக்கும், அதில்தான் மாற்றுகிற மென்பொருள் இருக்கிறது, எறிந்துவிட்டீர்களா என்று குப்பைக் கூடையைப் பாருங்கள். அதில் மாற்றும்போது உங்கள் திரையின் அளவு என்னவோ அதையே சரியாகக் கொடுக்க வேண்டும், 160க்கு 120 கேட்கிற சாமானுக்கு வேறு அளவு கொடுத்தால் திரும்பவும் அதே எரர்தான். பெட்டியின் பின்பக்கம் அல்லது சாமானின் செட்டிங்கில் அளவு எழுதியிருக்கும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்குப் போகும்போது வீட்டில் நீங்கள் பார்க்கிற படம் ஒன்றை மெமரி காட்டில் கொண்டுபோங்கள். அங்கேயே செருகி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் காசைக் கொடுங்கள். "எல்லா ஃபோர்மட்டும் ஓடும் அண்ணை" என்ற வாய்ப்பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மகள் இந்த முறை ஓ.எல். சோதனை எடுக்கிறாள். சேர் பாடங்களை வீடியோ எடுத்துப் பென்டிரைவில் தருகிறார். போன் வாங்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு வீடியோ ப்ளேயர் வாங்கிக் கொடுத்தால் போதுமா? (முள்ளியவளை)

அம்மா, யோசனை நல்லது, ஆனால் திரை அளவைப் பாருங்கள். சினிமாவை இரண்டரை அங்குலத்தில் ஒருமாதிரி பார்த்துவிடலாம். வெண்பலகையில் எழுதிய கணக்கைப் பார்க்க முடியாது. சேர் மூலையில் சின்னதாகப் போடுகிற அடுக்கு இரண்டா மூன்றா என்று தெரியாமல் பிள்ளை பிழையாக எழுதிக்கொண்டு வரும், கண்ணும் நோகும். பாடத்துக்கு ஆகக் குறைந்தது ஏழு அங்குலம் வேண்டும்.

வீட்டில் யாராவது பாவித்து ஓய்ந்த டப்லெட் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. சிம்மைக் கழற்றுங்கள், வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், விஎல்சி என்ற இலவச ப்ளேயரைப் போட்டுவிடுங்கள். அதுதான் நீங்கள் தேடுகிற வீடியோ ப்ளேயர். விஎல்சி பெரும்பாலும் எந்த வகையையும் ஓட்டும், மாற்றுகிற தொல்லை குறைவு. விளங்காத இடத்தில் வேகத்தைக் குறைக்கலாம், சேர் வரவு எடுக்கிற இடத்தை வேகமாகத் தள்ளலாம். (வரவு எடுப்பதையும் சேர்த்து வீடியோ எடுக்கிற ஆசிரியர்கள் கவனிக்க!)

இடம் காணாது என்று பயப்படவும் வேண்டாம். ஃபைலின் அளவு ஒரு சின்னக் கணக்கு: ஒரு செக்கனுக்கு எத்தனை கிலோபிட் என்பதைச் செக்கன்களால் பெருக்கி எட்டால் வகுத்தால் கிலோபைட் வரும். பாட வீடியோவில் அசைவது சேரின் கையும் பேனையும் மட்டும். ஆகவே 400 கிலோபிட் போதும், சத்தத்துக்கு ஒரு 64. ஒன்றரை மணி நேரப் பாடம் 5400 செக்கன். 464ஐ 5400ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 313 எம்பி. 32 ஜிபி காட்டில் தொண்ணூறு பாடத்துக்கு மேல் அடங்கும். ஆனால் அளவைக் குறைக்கிறோம் என்று வரியைக் குறைத்துவிடாதீர்கள். 720 வரியை அப்படியே வைத்துக்கொண்டு கிலோபிட்டை மட்டும் குறையுங்கள், இல்லையென்றால் எழுத்து மங்கிவிடும். சண்டைப் படத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது, அங்கே எல்லாமே அசைகிறது.

பெரும்போகத்துக்கு வயலில் இராக்காவல். கொட்டிலில் கரண்ட் இல்லை. நித்திரை வராமல் இருக்க ஒரு ப்ளேயரில் படம் பார்க்கிறேன், பத்து மணிக்கே பற்றரி முடிகிறது. ட்ரக்டர் பற்றரியில் நேரே கொடுக்கலாமா? சோலார் சரிவருமா? (அக்கராயன்)

நேரே கொடுக்காதீர்கள் ஐயா. ட்ரக்டர் பற்றரி 12 வோல்ட், உங்கள் ப்ளேயர் யூஎஸ்பியில் 5 வோல்ட் கேட்கிறது. இரண்டு வயரைப் பிடித்துச் செருகினால் ஒரு கணத்தில் புகை வரும். வாகனத்தில் செருகுகிற யூஎஸ்பி சார்ஜர் ஒன்று வாங்குங்கள், அது 12ஐ 5ஆக இறக்கித் தரும். ஆனால் ட்ரக்டர் பற்றரியைத் தினமும் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், விடிய ஸ்டார்ட் வராமல் தள்ளவும் வேண்டி வரும். படத்துக்கென்று அதைப் பாவிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பவர் பேங்க் ஒன்று போதும். பெட்டியில் 10,000 மில்லிஅம்பியர்-மணி என்று போட்டிருப்பான். அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் கலத்துக்கான கணக்கு. அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக ஏற்றும்போதும் ப்ளேயருக்குள் திரும்ப இறங்கும்போதும் கொஞ்சம் சூடாகப் போய்விடும், 25க்கு மேல் கையில் வரும் என்று வையுங்கள். நாலு ஐந்து அங்குலத் திரை உள்ள ஒரு ப்ளேயர் இரண்டு வாட்டுக்குக் கிட்ட எடுக்கும். பன்னிரண்டு மணி நேரம், இராவே முடிந்துவிடும். இது உண்மையான 10,000 என்றால்தான். விலை மிகக் குறைவாக 50,000 என்று எழுதியிருக்கிறதைத் தூக்கிப் பாருங்கள், பாரமே இருக்காது.

பவர் பேங்க் இல்லாமலேயே ஒன்று செய்யலாம். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். வீடியோ பார்க்கும்போது பெரும்பகுதி மின்சாரத்தைத் தின்பது திரைதான், இருட்டுக் கொட்டிலில் கால்வாசி வெளிச்சமே கண்ணுக்குத் தாராளம். முழு 1080 ஃபைலைச் சின்னத் திரையில் ஓட்டுவதும் வீண், சில்லுக்கு வேலை கூடிச் சூடாகும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சோலார் கேட்டிருந்தீர்கள்: 10 வாட் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் 30, 40 வாட்-மணி தரும், உங்கள் ஓர் இரவுக்கு அது போதும். தகடு வெயிலில் இருக்கட்டும், பவர் பேங்க் நிழலில் இருக்கட்டும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள், இதற்கெல்லாம் அசரப் போவதில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். காவலுக்கு இருக்கிறவர் இரண்டு காதிலும் ஹெட்செட் மாட்டக் கூடாது. யானை வருகிறது முதலில் காதுக்குத்தான் தெரியும். கிளை முறிகிற சத்தம் கேட்டால்தான் வெடியை எடுக்க நேரம் இருக்கும். ஒரு காதில் மாட்டுங்கள், அல்லது சத்தத்தை வெளியே மெதுவாக விடுங்கள். அப்புறம், வெளிச்சமான திரையைப் பார்த்த கண்ணுக்கு இருட்டில் எதுவும் தெரியக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் இராக்காவலுக்குப் படத்தைவிடப் பாட்டும் பட்டிமன்றமும் பொருத்தம்.

128 ஜிபி மெமரி காட் ஒன்று 8 ஜிபி விலைக்குக் கிடைத்தது. முதல் பத்துப் படம் ஓடுகிறது, பிறகு போட்டதெல்லாம் ஓடவில்லை. (விசுவமடு)

அது 8 ஜிபிதான், 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் காட்டை முழுக்க எழுதி வாசித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் உண்மையான அளவுக்குள் பாவியுங்கள், முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள்.

மெமரி காட்டில் 20 ஜிபி இடம் இருக்கிறது. ஒரு 5 ஜிபி படத்தைப் போட்டால் இடம் காணாது என்கிறது. (பரந்தன்)

இடம் இருக்கிறது, ஆனால் எஃப்ஏடி32 முறையில் அமைத்த காட்டில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபட் என்று மாற்றி ஃபோர்மட் பண்ணினால் போகும், ஆனால் பழைய ப்ளேயர்களுக்கு அது விளங்காது, காட்டே இல்லை என்று சொல்லும். அதே காரணத்தால் பழையவற்றில் 32 ஜிபிக்கு மேற்பட்ட காட்டையும் பெரும்பாலும் ஏற்காது. படத்தைச் சுருக்குவதே வழி. சின்னத் திரைக்கு 5 ஜிபி எதற்கு? 480 புள்ளி அகலத்தில், சத்தத்தோடு சேர்த்து 828 கிலோபிட் கொடுத்தால் இரண்டு மணி நாற்பது நிமிடப் படம் ஒரு ஜிபிக்குள் அடங்கும், வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

அக்காவின் கலியாண டிவிடியைக் கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பினா. எங்களிடம் இருந்த கொப்பி இல்லை. அம்மா படுக்கையில் இருந்தபடியே பார்க்க ஒரு சின்ன ப்ளேயரில் போட வேண்டும். போட்டுப் பார்த்தேன், ஆட்கள் எல்லாம் கட்டையாய் குண்டாய்த் தெரிகிறார்கள், அசைந்தால் உடம்பில் கோடு கோடாய் வருகிறது. (கிளிநொச்சி)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இது படம் பார்க்கிற விசயம் மட்டும் இல்லை. 2009க்கு முந்திய அல்பமும் வீடியோவும் இங்கே எத்தனையோ வீடுகளில் மிஞ்சவில்லை. வெளிநாட்டில் சொந்தக்காரரிடம் போன ஒரு கொப்பிதான் இப்போது இருக்கிற ஒரே கொப்பி. ஆகவே மாற்றுகிற வேலைக்கு முதல், அந்த டிவிடியை அப்படியே முழுதாகக் கொம்பியூட்டரில் கொப்பி எடுங்கள். உள்ளே வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி அளவில் விஓபி ஃபைல்கள். ஃபோல்டரோடு எடுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். அதை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில் இருக்கிற தங்கச்சி வீட்டில். வீட்டில் எழுதிய டிவிடி தட்டுகள் நிலைக்காது, நம்முடைய வெக்கைக்கும் தூசுக்கும் இன்னும் கெதியாகப் போகும். கீறல் இருந்து இடையில் நின்றால் தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். வேறொரு டிவிடி டிரைவில் போட்டும் பாருங்கள், ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும்.

இனி உங்கள் கோடு. டிவிடி காலத்து வீடியோ, ரீவிக்காக எடுத்தது. ஒரு காட்சியை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து எடுக்கும், பழைய ரீவியில் அது தெரியாது. ப்ளேயர் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, அந்தச் சின்ன இடைவெளிக்குள் மாப்பிள்ளை கையைத் தூக்கியிருந்தால் கையில் சீப்புப் பல் மாதிரி வரும். ஹேண்ட்பிரேக்கில் அந்த வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்து, ஃபில்டர் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போடுங்கள். கோடு போய்விடும்.

குண்டாய்த் தெரிவதற்குக் காரணம் புள்ளிகளின் வடிவம். கனடாவில் என்டிஎஸ்சி முறை, 720க்கு 480, செக்கனுக்கு 29.97 காட்சி. எங்களிடமும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பால் முறை, 720க்கு 576, செக்கனுக்கு 25. இரண்டிலும் புள்ளி சதுரம் இல்லை, ஒரே 720 புள்ளியை 4:3 படத்துக்கும் 16:9 படத்துக்கும் இழுத்தோ ஒடுக்கியோ காட்ட வேண்டும். எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு டிவிடிக்குள் இருக்கும், மலிவு மாற்றிகள் அதை வாசிப்பதில்லை. தாலி கட்டுகிற காட்சியில் தலைகளைப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள், 4:3 படத்தை 640க்கு 480 என்று எடுத்தால் சரியாக இருக்கும். காட்சி வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள். 29.97ஐ 25 ஆக்கினால் நடக்கும்போது வெட்டி வெட்டி வரும். இது டிவிடிகளுக்கு மட்டும் இல்லை, விசிடி வைத்திருப்பவர்களுக்கும்தான். அதில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் டட் ஃபைலாக இருக்கும், தரம் பால் முறையில் 352க்கு 288தான், அதைப் பெரிதாக்கி எடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை, உள்ள அளவிலேயே எடுங்கள்.

அம்மாவுக்கு ப்ளேயர் தெரிவு செய்யும்போது திரையைவிட ஸ்டாண்டைப் பாருங்கள். படுத்திருக்கிறவர் கையில் பிடித்து மூன்று மணி நேரம் பார்க்க முடியாது. ஏழு, ஒன்பது அங்குல மடக்கு டிவிடி ப்ளேயர் கிடைத்தால் அதுவே நிமிர்ந்து நிற்கும், பலவற்றில் யூஎஸ்பியும் இருக்கிறது. மூன்று மணி நேரத்தையும் ஒரே ஃபைலாகப் போடாமல் பொன்னுருக்கு, தாலி கட்டு, கால்மாறிப் போனது என்று துண்டாகப் போட்டால் அவ விரும்பினதைத் தானே எடுத்துப் பார்ப்பா.

மலையாளப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டேன். கொம்பியூட்டரில் நன்றாக வருகிறது, ப்ளேயரில் பெட்டி பெட்டியாக வருகிறது. தம்பியின் ப்ளேயரில் எழுத்து வருகிறது, ஆனால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி நிற்கின்றன. (ஒட்டுசுட்டான்)

பெட்டி வந்தால் அந்தச் சாமானில் தமிழ் எழுத்துருவே இல்லை. கொம்பு இடம் மாறினால் எழுத்துரு இருக்கிறது, ஆனால் எழுத்தைச் சேர்த்து அடுக்கத் தெரியாது. "கொ" என்பதைக் கொம்பு, க, கால் என்று முன்னும் பின்னும் பிரித்து வைக்க வேண்டும் என்ற அறிவு ப்ளேயருக்கு இல்லை, வந்த ஒழுங்கில் கொட்டிவிடுகிறது. இதை நீங்கள் திருத்த முடியாது. சப்டைட்டிலைப் படத்தோடேயே பதித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலைச் சேர்க்கும்போது யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்து, "பேர்ன் இன்" என்ற கட்டத்தில் புள்ளடி போடுங்கள். அதன் பிறகு அது எழுத்தில்லை, படத்தின் பகுதி, எந்தச் சாமானிலும் வரும். முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முதல் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மாற்றிப் பாருங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த திரை என்றால் இவ்வளவு சிரமப்பட வேண்டாம், எழுத்து வந்தாலும் வாசிக்க முடியாது.

கொழும்பு பஸ்ஸில் படம் பார்த்தால் தலை சுற்றிச் சத்தி வருகிறது. (மல்லாவி)

கண் "நான் அசையவில்லை" என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, மூளை குழம்புகிறது. ப்ளேயரை மடியில் வைத்துக் குனிந்து பார்க்காமல் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடியுங்கள், இடைக்கிடை வெளியே தூரத்தைப் பாருங்கள். அப்படியும் வந்தால் நிற்பாட்டிவிட்டுக் கண்ணை மூடிப் படுங்கள், வேறு மருந்து என்னிடம் இல்லை. யாழ்தேவி ரயிலில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பஸ் கதை வந்ததால் சத்தம் பற்றியும். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று ஹெட்செட்டைக் கூட்டிக்கொண்டே போகிறோம். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. காதுக்குள் இறுக்கமாக இருக்கிற ரப்பர் முனை உள்ளதை வாங்கினால் வெளிச்சத்தம் தானாகக் குறையும், கூட்ட வேண்டி வராது. ஹெட்செட்டே இல்லாமல் முழு பஸ்ஸுக்கும் வசனம் கேட்கப் படம் பார்க்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கண்டக்டரிடம் கேளுங்கள்.

இந்தக் காலத்தில் புதிதாக ஒரு வீடியோ ப்ளேயர் வாங்குவது புத்தியா? பழைய பிஎஸ்பி ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. (வவுனியா)

புதிதாக வாங்குவது புத்தியில்லை. ஆர்க்கோஸ் என்ற கம்பனி 2002இல் தொடங்கி வைத்தது, 2005இல் ஐபொட்டில் வீடியோ வந்தது, அடுத்த வருடம் மைக்ரோசொஃப்டின் சூன் என்ற ப்ளேயர் வந்தது, கொஞ்சக் காலம் எல்லாரும் செய்தார்கள். பிறகு போன் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கடைசியாக மிஞ்சிய ஐபொட் டச்சையும் 2022 மே மாதத்தில் அப்பிள் நிற்பாட்டிவிட்டது. இப்போது புதிதாக வருகிற நல்ல ப்ளேயர்கள் அநேகமாகப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கானவை, வீடியோ என்று விற்பதில் பெரும்பாலானது நான் மேலே சொன்ன சந்தைச் சாமான். அதே காசுக்குப் பாவித்த போன் ஒன்றை வாங்கிச் சிம் இல்லாமல் வைத்திருங்கள்.

பிஎஸ்பி மட்டும் வேறு. அது சோனி செய்த, கையில் பிடித்து கேம் விளையாடுகிற சாமான், படமும் ஓடும். 2004 கடைசியில் ஜப்பானில் வந்தது, ஆனால் 4.3 அங்குலம், 480க்கு 272 புள்ளி, அகலத் திரை. நம்முடைய படங்களுக்கு அந்தக் காலத்து ஐபொட்டைவிட எவ்வளவோ பொருத்தம். பிரச்சினை அதன் மெமரி ஸ்டிக், சோனியின் சொந்த வகை, இப்போது தேடிப் பிடிக்க வேண்டும். மைக்ரோ எஸ்டி காட்டைச் செருகுகிற அடப்டர் இருக்கிறது, விற்பவர் அதோடு தருகிறாரா என்று கேளுங்கள். தராவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் அலுமாரியில் கிடந்த ப்ளேயரை எடுத்துப் பார்த்தேன். பின்மூடி கொஞ்சம் உப்பியிருக்கிறது. சார்ஜ் போட்டால் ஏறுகிறது. பாவிக்கலாமா? (துணுக்காய்)

பாவிக்கக் கூடாது. உடனே சார்ஜரைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கிற லித்தியம் பற்றரி வாயு பிடித்து உப்பியிருக்கிறது, குத்தினாலோ அமத்தினாலோ தீப்பிடிக்கும். மூடியை நீங்களே நெம்ப வேண்டாம், பிள்ளைகள் எடுக்காத இடத்தில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, போன் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோங்கள். பற்றரியைக் கழற்றிப் புதிது போட்டால் சாமான் திரும்பவும் ஓடலாம். கழற்றிய பற்றரியை வீட்டுக் குப்பையோடு சேர்த்து எரிக்காமல் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். இனி அலுமாரியில் வைப்பதென்றால் பற்றரியை முழுதாக ஏற்றியும் வைக்காமல் முழுதாக இறக்கியும் வைக்காமல் பாதியளவில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.